காவல் நிலைய ஒப்புதல் வாக்குமூலம் தண்டனைக்குப் போதுமா?

சென்ற மாதம் கைதான தம்பியின் காவல் நிலைய வாக்குமூலம் அவரைத் தண்டிக்கப் போதுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். போதாது. தக்கலை நகைத் திருட்டு வழக்கில் உங்கள் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதாகக் குற்றப்பத்திரிகை கூறினாலும், காவலரிடம் அளித்த ஒப்புதலை, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 23ஆம் பிரிவின்படி அவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது. 1872ஆம் ஆண்டின் பழைய சட்டமும் இதையே கூறியது.

ஆபத்து 'கண்டெடுப்பு' என்ற விதிவிலக்கில்தான் இருக்கிறது. அவர் சொன்ன தகவலால் நகை கிடைத்திருந்தால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். திருடுபோன சங்கிலி, தம்பி வாக்குமூலம் தரும் முன்பே காவலர் கைக்கு வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையானால், வழக்கின் அச்சாணியே கழன்றுவிடும்.

ஆகவே குற்றப்பத்திரிகையின் இலவச நகல்களைப் பெற்று, கைது, வாக்குமூலம், மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் குறிப்பு) ஆகிய மூன்றின் நேரங்களையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். குலசேகரம் ரப்பர் தோட்டத்தில் எடுத்ததாகச் சொல்லும் நகைக்கு நாகர்கோவில்காரர் இருவர் மட்டும் சாட்சிகளானது எப்படி என்பதும் கேட்கத்தக்கதே. (மகஜர் சாட்சிகள் எப்போதும் தற்செயலாகவே அவ்வழியே வருகிறார்கள்!) கைது சென்ற மாதம் நடந்ததால், பறிமுதலைக் காணொளியாகப் பதிவுசெய்யும் கடமை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி காவல்துறைக்கு உண்டு. அந்தக் காணொளியையும், நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவு அழியும் முன் அதைப் பாதுகாக்கும் உத்தரவையும் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் கோருங்கள்.

காணொளி இல்லை என்பதால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது. மற்றச் சாட்சியங்களும் எடைபோடப்படும். வழக்கறிஞருக்கு வசதியில்லையெனில், நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம்.