தறிக்குடோனில் 93.5

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் காலை முதல் எஃப்எம்தான். தனியார் ரேடியோ நம் பக்கம் எப்போது வந்தது? செய்தி மட்டும் ஏன் சொல்வதில்லை?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நல்ல கேள்வி கேட்டீங்க அம்மணி. 2000-இல் மத்திய அரசு அலைவரிசைகளை ஏலம் விட்டது. 2001 ஜூலையில் பெங்களூருவில் முதல் தனியார் நிலையம். அந்த முதல் சுற்றிலேயே கோவைக்கும் இடம் கிடைத்தது, சூரியன் 93.5 வந்தது.

சோமனூரில் எங்கள் தறிக்குடோனில் சன்னல் கம்பியில் செம்புக் கம்பியைச் சுற்றி ஏரியலாக்கி வைத்திருந்தோம். தறிச் சத்தத்தில் பேச்சு பாதிதான் காதில் விழும். ஆனால் தாளம் கேட்டாலே பாட்டைச் சொல்லிவிடுவார்கள் எங்கள் ஆட்கள். ராத்திரி ஷிப்டில் தூக்கத்தை விரட்டியது அந்தப் பெட்டிதான், அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆரம்பத்தில் வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும். பல நிலையங்கள் திணறின. 2005-இல் வருமானத்தில் பங்கு என்று மாற்றினார்கள். அப்புறம்தான் மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 எல்லாம் கோவைக்கு வந்தன.

சரி, செய்தி? உரிம விதி அனுமதிப்பதில்லை. 2011 கொள்கைப்படி ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். உள்ளூர்ச் செய்தியைத் தாங்களே சொல்ல அவர்களுக்கும் அனுமதி தரவேண்டும் என்பதே என் கட்சி.