தம்பிக்கு: ‘சின்ஸ்’ஸா, ‘ஃபோர்’ஆ?

ஹட்டனில் வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் வேர்க்கிங் இன் அ டீ ஃபெக்டரி சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி, இரண்டு இடத்தில் இடிக்கிறது.

‘மூன்று வருசமாக’ என்று நீளத்தைச் சொன்னால் ஃபோர். ‘2021இலிருந்து’ என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரண்டு மணித்தியாலமாக நின்றால் ‘ஃபோர் டூ அவர்ஸ்’, காலையிலிருந்து என்றால் ‘சின்ஸ் திஸ் மோர்னிங்’.

அப்புறம், அன்று தொடங்கி இன்னும் நடக்கிற வேலைக்கு ‘ஆம் வேர்க்கிங்’ பொருந்தாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ‘ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் இன் அ டீ ஃபெக்டரி ஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுங்கள். அந்த வேலையை ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால் ‘ஐ வேர்க்ட்’ போதும், ஃபோர் அப்படியே இருக்கட்டும்.