பலம் லீவருக்கு மட்டும்தான்

கேள்வி: முதல்முறையாக நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்கிறேன். இன்டெல் 14-ஆம் தலைமுறை பிராசஸர், பி760 மதர்போர்டு. பிராசஸரைச் சாக்கெட்டில் வைத்து லீவரை அழுத்தினால் மிகவும் இறுக்கமாக இருக்கிறது, நறநறவென்று சத்தமும் கேட்கிறது. பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு அழுத்தலாமா?

பதில்: அழுத்தலாம். அந்த இறுக்கமும் சத்தமும் இயல்பானவையே. ஆனால் ஒருமுறை லீவரை முழுவதும் திறந்து, பிராசஸர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

உங்கள் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1700. அதற்குள் 1,700 பின்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய ஸ்பிரிங். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடித்தால்தான் மின்தொடர்பு சீராகக் கிடைக்கும். அதற்கான விசையைத் தருவதுதான் லீவரின் வேலை. பிராசஸரை வைக்கும்போது உங்கள் விரல் ஒரு துளி பலமும் கொடுக்கக் கூடாது. ரேமை அழுத்திப் பொருத்திய கை இங்கேயும் அழுத்தப் பார்க்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பிராசஸரின் ஒரு மூலையில் சிறு தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே அடையாளம் உண்டு. இரண்டும் ஒரே மூலையில் வர வேண்டும். ஓரங்களைப் பிடித்து, நேராக இறக்கி, விட்டுவிடுங்கள். தன் எடையிலேயே அமர்ந்துவிடும். சரியாக அமரவில்லை என்றால் சாக்கெட்டின் மேல் வைத்து நகர்த்தாமல், நேராகத் தூக்கிவிட்டு மறுபடி வையுங்கள். பின்கள் வளைவது பெரும்பாலும் இப்படி நகர்த்தும்போதுதான்.

பிராசஸரை வைக்கும் முன், சாக்கெட் காலியாக இருக்கும்போதே டார்ச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பின்களின் நுனிகள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மினுக்கம் திசை மாறித் தெரிந்தால் பின் வளைந்திருக்கலாம். ஒரே ஒரு பின் வளைந்தாலும், பொருத்திய ரேமில் பாதி தெரியாமல் போவது போன்ற, காரணம் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறுகள் வரும்.

எல்லாம் சரியென்றால் சாக்கெட்டின் உலோகச் சட்டத்தை மூடி, லீவரைத் தயங்காமல் கீழே கொண்டுவந்து கொக்கியில் மாட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் துள்ளி வெளியே வரும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். மதர்போர்டை வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் சாக்கெட்டின் மேல் அந்த மூடி இருக்க வேண்டும்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கும். அங்கே லீவர் லேசாக இறங்கும், இறுக்கமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பழைய வீடியோ பார்த்து வேலை செய்பவர்கள் குழம்புவது இதனால்தான். 2022-ல் வந்த ஏஎம்5-ல் ஏஎம்டியும் பின்களைச் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டது.

பிராசஸரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பிராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரின் அடியில் ஏற்கெனவே பூசியிருந்தால் அதுவும் வேண்டாம். பாதுகாப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட வேண்டும். கூலரின் வயரைச் சிபியு ஃபேன் என்று அச்சிட்ட இடத்தில் செருகுங்கள். மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான தனி 8 பின் மின் இணைப்பு இருக்கிறது. முதல்முறை செய்பவர்கள் அதிகம் மறப்பது அதைத்தான். பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் உள்ளமை கிராபிக்ஸ் இல்லை, மானிட்டரைக் கிராபிக்ஸ் கார்டில்தான் இணைக்க வேண்டும்.

பி760 போர்டுகள் சந்தைக்கு வந்தது 2023 ஜனவரியில், 14-ஆம் தலைமுறை வந்தது அதே ஆண்டு அக்டோபரில். பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) உள்ள போர்டு என்றால் உங்கள் பிராசஸரை அது அடையாளம் காணாமல் போகலாம். பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி இருந்தால் பென்டிரைவ் மூலம் புதுப்பித்துவிடலாம். திரை வந்துவிட்டாலும் விண்டோஸ் நிறுவும் முன் புதிய பயாஸைப் போட்டுவிடுங்கள். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் பல, தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்று நாளடைவில் பழுதாகின. அதற்கான திருத்தத்தை இன்டெல் 2024-ல் வெளியிட்டது, அது பயாஸ் வழியாகவே வருகிறது. ஏற்கெனவே பழுதான பிராசஸரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.