ஹெச்டிஎம்எல் கடைசியில் வரட்டும்: தரவுத்தளப் பக்கங்கள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: சர்வரில் இயங்கும் பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய என்னுடைய பக்கம் 600 வரிகளைத் தாண்டிவிட்டது. ஹெச்டிஎம்எல், தரவுத்தள வினவல், படிவச் சரிபார்ப்பு எல்லாம் கலந்து கிடக்கின்றன. எங்கிருந்து சீர்செய்யத் தொடங்குவது?

பதில்: தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்கும் முன், அதே கோப்புக்குள் வரிசையை மாற்றுங்கள். படிவத்திலிருந்து வருவதைப் பெறுதல், சரிபார்த்தல், தரவுத்தளத்தில் எழுதுதல், அதிலிருந்து படித்தல் ஆகிய அனைத்தும் மேல்பாதியில் முடிந்து, கிடைத்த விடைகள் மாறிகளில் தயாராக இருக்க வேண்டும்; கீழ்ப்பாதி அந்த மாறிகளை ஹெச்டிஎம்எல்லுக்குள் இட்டு அச்சிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. கீழ்ப்பாதியில் தரவைப் படிக்கும் ஒரு செலக்ட் வினவல் கண்ணில் பட்டால், வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

இது அழகுக்காகச் சொல்லப்படும் விதி அன்று. ஹெச்டிடிபி முறையில் தலைப்புத் தகவல்கள் முதலில் செல்லும், பக்கத்தின் உள்ளடக்கம் அதற்குப் பிறகே செல்லும். ஓர் எழுத்து உலாவிக்குப் போய்விட்டால்கூட, அதன்பின் குக்கியை (உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவலை) அமைக்கவோ பயனரை வேறு பக்கத்துக்குத் திருப்பவோ இயலாது. பிஎச்பி தொடக்கக் குறிக்கு மேலே தவறுதலாக விடப்பட்ட ஒரு வெற்று வரியைத் தேடிப் பல மணிநேரம் இழந்தவர்களை நான் அறிவேன். மேலும், பக்கத்தின் நடுவில் ஒரு வினவல் தோற்றால் பயனருக்குப் பாதி அட்டவணைதான் தெரியும். மேல்பாதியிலேயே தோற்றால், சர்வர் பிழையைக் குறிக்கும் 500 என்ற நிலைக்குறியோடு முறையான பிழைப் பக்கத்தைக் காட்டலாம். இந்த வரிசை கைவந்த பிறகு கீழ்ப்பாதியை டெம்ப்ளேட் கோப்பாக வெட்டி எடுப்பது சில நிமிட வேலை.

கேள்வி: தரவுத்தளக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

பதில்: இணையத்தில் திறந்திருக்கும் கோப்புறைக்கு வெளியே, ஒரே ஒரு கோப்பில். சர்வர் அமைப்பில் பிழை நேர்ந்து பிஎச்பி இயங்காமல் போனால், நிரல் வெறும் உரையாகவே உலாவியில் தெரியக்கூடும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் அந்தக் கோப்பைச் சேர்க்கவும் வேண்டாம்.

கேள்வி: பழைய பாடநூலில் உள்ள, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகும் சார்புகள் (mysql_ என்று தொடங்குபவை) என் சர்வரில் இயங்கவில்லை. வேறு எதைப் பயன்படுத்துவது?

பதில்: அந்தச் சார்புகள் 2015 டிசம்பரில் வெளியான பிஎச்பி 7.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. தரவுத்தளங்களை அணுக பிஎச்பி தரும் பிடிஓ இடைமுகத்தைப் பயன்படுத்துங்கள். ஆனால் சார்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, வினவலைப் பழையபடியே சரங்களை ஒட்டி உருவாக்கினால் பயன் இல்லை. பெயர்க் கட்டத்தில் ஒருவர் ஓ'பிரையன் என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓவுக்கு அடுத்து வரும் ஒற்றை மேற்கோள் உங்கள் வினவலின் சரத்தை அங்கேயே மூடிவிடும். மீதமுள்ள 'பிரையன்' கட்டளையாகக் கருதப்பட்டு, பிழை எழும். நேர்மையான பயனரால் பிழையோடு நிற்பது, தீய நோக்கமுள்ளவரின் கையில் அட்டவணை முழுவதையும் படிக்கும் வழியாகிவிடும். இதைத் தடுக்க, பிடிஓ தரும் முன்தயாரித்த வினவலை (பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்) பயன்படுத்துங்கள். அதில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியோ பெயரிட்ட இடக்குறியோ மட்டும் இருக்கும். மதிப்பு தனியாகக் கொடுக்கப்படுவதால் அது ஒருபோதும் கட்டளையாக மாறாது.

ஒரு வரம்பை மறவாதீர்கள்: அட்டவணைப் பெயருக்கும் நெடுவரிசைப் பெயருக்கும் இடக்குறி செல்லாது. எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வினவலில் சேருங்கள்.

கேள்வி: பயனர் பக்கத்தைப் புதுப்பித்தால் அதே பதிவு இரண்டாம் முறை சேர்ந்துவிடுகிறது. எப்படித் தடுப்பது?

பதில்: என் தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த பதிவுப் பக்கத்தில், ஒருவரே நான்கு முறை பதிவாகியிருந்ததைக் கண்டபோதுதான் இதன் தீவிரம் எனக்குப் புரிந்தது. படிவத்தைச் சேமித்த அதே கோரிக்கையிலேயே நன்றி அறிவிப்பையும் அச்சிட்டிருந்தேன். அதனால் புதுப்பிக்கும்போதெல்லாம் உலாவி அந்தப் படிவத்தையே மீண்டும் அனுப்பியது. சேமித்து முடித்தவுடன் எதையும் அச்சிடாமல், வேறு பக்கத்தைப் பார் என்று உலாவிக்குச் சொல்லும் 303 நிலைக்குறியுடன் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டு, நிரலை அங்கேயே நிறுத்துங்கள். மேல்பாதியில் எதுவும் அச்சாகாமல் இருந்தால்தான் இது முடியும். பொத்தானை இருமுறை அழுத்துபவரை இது தடுக்காது. அதற்குத் தரவுத்தளத்திலேயே, ஒரே மதிப்பு இருமுறை சேராமல் தடுக்கும் தனித்துவக் கட்டுப்பாடு வேண்டும்.

கேள்வி: 100 கட்டுரைகளின் பட்டியல் மிக மெதுவாக வருகிறது. ஏன்?

பதில்: பட்டியலை அச்சிடும் சுழலுக்குள், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் பெயரைத் தனி வினவலால் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் பட்டியலுக்கு ஒன்று, ஆசிரியர் பெயர்களுக்கு 100 என மொத்தம் 101 வினவல்கள். இரு அட்டவணைகளை ஒரே வினவலில் இணைக்கும் ஜாயின் மூலம் ஒன்றாகச் சுருக்கலாம்.

கேள்வி: தமிழ் எழுத்துகள் சரியாகச் சேமிக்கப்படுகின்றன, எமோஜி சேர்த்தால் மட்டும் பிழை வருகிறது.

பதில்: யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், எமோஜிகள் பெரும்பாலும் 4 பைட். மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்று நெடுங்காலம் வழங்கிய எழுத்துத் தொகுதி 3 பைட் வரைதான் ஏற்கும். அட்டவணையையும் இணைப்பையும் யுடிஎஃப்8எம்பி4 தொகுதிக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் சிக்கல் தொடரும்.