சொந்த உபயோகத்துக்கு ஆபாசப் பட டிவிடி: சுங்கத்தில் என்ன ஆகும்?

கேள்வி: ஐரோப்பாவில் ஏழு வருட வேலையை முடித்துக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்புகிறேன். வயது வந்தோருக்கான படங்களின் டிவிடி நாற்பதுக்கு மேல் இருக்கிறது. எல்லாம் கடையில் ரசீதோடு வாங்கியவை. இங்கே விற்பனைக்குச் சட்டத் தடை கிடையாது. நான் யாருக்கும் விற்கப் போவதில்லை. பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? இல்லையென்றால் பார்சலில் அனுப்பிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டு வழியிலும் கூடாது. நீங்கள் சொல்லும் 'சொந்த உபயோகம்' உங்களைக் குற்றவழக்கிலிருந்து காப்பாற்றலாம். டிவிடியைக் காப்பாற்றாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் விமான நிலையத்தில் நின்று வாதாடுகிறார்கள்.

முதலில் உங்கள் பெட்டியில் இருப்பது என்ன என்று பிரித்துப் பாருங்கள். 'ஏ' சான்றிதழ் படம் வேறு, நீலப்படம் வேறு. வெளிநாட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என முத்திரை குத்தப்பட்ட சாதாரணத் திரைப்படங்களும் அந்த நாற்பதில் இருக்கலாம். நிர்வாணக் காட்சி இருப்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் காதலியோடு ஆடையின்றி எடுத்துக்கொண்ட படத்தை இந்தியப் பத்திரிகைகள் மறுபதிப்பு செய்த வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இன்றைய சமூகத்தின் அளவுகோலை வைத்து, முழுச் சூழலையும் பார்த்துத்தான் ஆபாசமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் புணர்ச்சியைக் காட்டுவதற்கென்றே எடுத்த படத்துக்கு இந்த வாதம் உதவும் என்று நான் நம்பவில்லை.

இனி சுங்கச் சட்டம். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பொது ஒழுக்கத்தைக் காரணம் காட்டி ஒரு பொருளின் இறக்குமதியையே தடைசெய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தில் 1964 ஜனவரி 18 அன்று வெளியான அறிவிக்கை, ஆபாசமான புத்தகம், ஓவியம், உருவம், பொருள் எதையும் இறக்குமதி செய்யக் கூடாது என்கிறது. அறுபது வருடப் பழசு. டிவிடி என்ற சொல்லே அப்போது கிடையாது. ஆனாலும் 'பொருள்' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. விற்கவா, வீட்டில் பார்க்கவா என்று அந்த அறிவிக்கை கேட்பதில்லை. வரியில்லாமல் கொண்டுவர அனுமதித்த மதிப்புக்குள் இருந்தாலும் பயனில்லை. அந்தச் சலுகை வரிக்குத்தானே தவிர, தடைக்கு அல்ல.

குற்றவியல் சட்டம் கேட்பது வேறு கேள்வி. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆவது பிரிவு. இரண்டிலும் இறக்குமதி குற்றமாவது விற்பனை, வாடகை, விநியோகம், பொதுக் காட்சி போன்ற நோக்கம் இருந்தால்தான். புதிய சட்டத்தில் முதல்முறை என்றால் இரண்டு வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். நாற்பதும் நாற்பது வேறு தலைப்பு, பிரித்துப் பார்த்த டிவிடி என்றால் உங்கள் பேச்சு எடுபடும். ஒரே படத்தில் பிரிக்காத பத்துப் பிரதி இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் எந்த வாதமும் செல்லாது. குழந்தைகள் இடம்பெறும் பாலியல் காட்சிகளைச் சும்மா வைத்திருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே சொந்த உபயோகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விமான நிலையத்தில் பிடித்தால் என்ன நடக்கும்? சுங்கச் சட்டத்தின் 111(டி) பிரிவில் பறிமுதல். 112-ஆவது பிரிவில் அபராதம்: பொருளின் மதிப்பு அல்லது 5,000 ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை. சாதாரணப் பொருள் என்றால் அபராதம் கட்டி மீட்கலாம். தடைசெய்த பொருளில் அந்த வாய்ப்பைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். ஆபாசப் படத்தை யாரும் கையில் திருப்பித் தரப்போவதில்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் தராமல் பறிமுதல் ஆணை போட முடியாது. 'நோட்டீஸ் வேண்டாம்' என்று எழுதிய தாளை நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆணை வந்த பிறகு மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு.

மேல்முறையீடு வீண் என்று நினைக்க வேண்டாம். எஃப்.என். சௌசா, அக்பர் பதம்சீ ஆகியோரின் ஏழு ஓவியங்களை ஆபாசம் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்ததை, நிர்வாணமெல்லாம் ஆபாசம் ஆகாது என்று சொல்லி 2024 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் பெட்டியில் இருக்கும் கலைப்படத்தை அதிகாரி தவறாக எடுத்துக்கொண்டால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும்.

பார்சல் இன்னும் மோசம். அஞ்சலோ கூரியரோ, சுங்கம் பிரித்துப் பார்க்கலாம். பிடித்தால் சுங்கத்தின் கடிதம் உங்கள் வீட்டு முகவரிக்கு வரும்; யார் பிரித்துப் படிப்பார்கள் என்பது உங்கள் வீட்டு நிலவரம். பக்திப் பாடல் உறைக்குள் மாற்றிப் போடும் யோசனை வேண்டவே வேண்டாம். தெரிந்தே தடையை ஏய்த்தது என்றாகி, 135-ஆவது பிரிவில் குற்றவழக்காகவே மாறக்கூடும். ஹார்ட் டிஸ்கில் மாற்றிக் கொண்டுவந்தாலும் நிலைமை மாறாது. அதுவும் ஒரு பொருள்தான்.

ஏற்கெனவே கிளம்பிவிட்டீர்கள், டிவிடியும் பெட்டியில் இருக்கிறது என்றால், அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் கிரீன் சேனலில் போகாமல், அறிவிக்க வேண்டியவர்கள் போகும் ரெட் சேனலுக்குப் போய் உள்ளதை அப்படியே அறிவியுங்கள். உண்மையாக அறிவித்திருந்தால், தடைசெய்த பொருளைக்கூடப் பிடித்துவைத்து, நீங்கள் மறுபடி நாட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரும்படி 80-ஆவது பிரிவில் கேட்கலாம். தருவது அதிகாரியின் முடிவு. தந்தால் ரசீது வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நீங்களோ ஊரோடு வந்துவிடுகிறவர். அதனால் கிளம்புவதற்கு முன்பே அந்த டிவிடிகளை அங்கேயே நண்பர் யாரிடமாவது கொடுத்துவிடுவது உத்தமம்.