பிஞ்சு உதிர்ந்தால் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: தொட்டியில் தக்காளி நன்றாகப் பூக்கிறது. வெயில் ஏறியதும் பூவும் பிஞ்சும் கொட்டிவிடுகின்றன. வேரில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். மண்ணில் விழும் சர்க்கரை முதலில் நுண்ணுயிரிகளுக்குத்தான் இரை. அவை பெருகும் வேகத்தில் தழைச்சத்தையும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ள, வேர் திணறும்.

செடிக்கு வேண்டிய சர்க்கரையை இலையே தயாரித்துவிடுகிறது. அது சுக்ரோஸ் வடிவில் பிஞ்சுக்கு வந்து சேரும். அங்கே இன்வர்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. உடைக்க உடைக்கத்தான் அடுத்த சுக்ரோஸ் உள்ளே இறங்கும். சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற இன்னொரு நொதி, மாவுச்சத்தும் செல்சுவரும் கட்ட மூலப்பொருள் தருகிறது. ஆனால் இளம்பிஞ்சின் பிழைப்பு பெரும்பாலும் இன்வர்டேஸ் கையில்தான்.

மக்காச்சோளத்தைப் பாருங்கள். விதையில், செல்சுவரில் இருந்து வேலை செய்யும் இன்வர்டேஸைச் சுரக்கவிடாத மரபணுக் குறை ஒன்று உண்டு. அந்தக் குறையுள்ள மணி, வழக்கமான எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். ஒரே கதிரில், ஒரே தாய்ச்செடியின் உணவைப் பெற்று, கொழுத்த மணிக்குப் பக்கத்திலேயே அது சூம்பிக் கிடக்கும். உணவு வாசல் வரை வந்தும் உள்ளே எடுக்க ஆள் இல்லை.

பூக்கும் நேரத்தில் மண் காய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இன்வர்டேஸின் செயல்பாடு சரிந்து, சூலகம் பட்டினியில் கருகும். ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோளத் தண்டுக்குள் நேரடியாகச் சுக்ரோஸ் செலுத்தியபோது கருகல் ஓரளவு குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. வேரில் ஊற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் செடியில் தக்காளிப் பூக்காம்பின் நடுவே சிறு கணு தெரிகிறதா? அது மஞ்சளித்தால் பூ அங்கேயே கழன்றுவிடும். அதற்கு முன்பே கவனியுங்கள். பூ வைத்ததிலிருந்து பிஞ்சு சுண்டைக்காய் அளவு ஆகும்வரை ஒரு நாள்கூட மண் காயவிடாதீர்கள். என் கருத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். உச்சி வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறையாமல் பாருங்கள். இலையிலிருந்து சர்க்கரை கிளம்பவே அது வேண்டும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும்.

பகல் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் 21க்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தமே வீரியம் இழக்கும். அப்போது எந்த வைத்தியமும் முழுப் பலன் தராது. அடுத்த முறை வெப்பம் தாங்கும் ரகமாக நடுங்கள். அப்படி ஒரு தக்காளி வகையை ஆராய்ந்தபோது, வெயிலிலும் அதன் இளம்பிஞ்சில் இன்வர்டேஸ் கூடுதலாக இயங்கியது தெரியவந்தது.