பாய்ப்படகின் எஞ்சின் இறுகிவிட்டது: பின்னால் அவுட்போர்டு மாட்டினால் போதுமா?

கேள்வி: ஐயா, நான் டொரோண்டோவில் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். 1976ஆம் ஆண்டு கேட்டலினா 27 ரகப் பாய்ப்படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். உள்ளே அட்டாமிக் 4 பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. இரண்டு பனிக்காலம் கரையில் கிடந்ததில் அது இறுகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’ ஒலியோடு நின்றுவிடுகிறது. புதிய டீசல் எஞ்சினுக்குக் கேட்ட விலை, படகு வாங்கிய விலையைவிட அதிகம். பருத்தித்துறையில் ஃபைபர் படகுகளுக்குப் பின்னால் மோட்டார் மாட்டி ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதுபோல ஒன்றை மாட்டிக்கொள்ளலாமா? ஸ்கார்பரோவின் ஏரிக்கரையில் உள்ள புளஃபர்ஸ் பார்க்கிலிருந்து குடும்பத்தோடு பகலில் போய்வருவதுதான் வழக்கம். ஒருமுறையாவது ஏரியின் எதிர்க்கரையில், நயாகரா ஆற்று முகத்தில் உள்ள நயாகரா-ஆன்-த-லேக் வரை போக ஆசை.

பதில்: மாட்டலாம். கேட்டலினா 27 படகை உள் எஞ்சினோடும் விற்றார்கள், பின்னால் அவுட்போர்டு, அதாவது பின்சுவருக்கு வெளியே தொங்கும் மோட்டார், மாட்டும் அமைப்போடும் விற்றார்கள். ஆகவே உங்கள் படகுக்கு அது பொருந்தாத வேலை அல்ல. ஆனால் மோட்டார் வாங்கப் பணம் எடுப்பதற்கு முன், உள்ளே இருக்கும் எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். இறுகிய எஞ்சின் எல்லாம் செத்த எஞ்சின் அல்ல.

அட்டாமிக் 4 எளிமையான, பழைய பாணி நான்கு சிலிண்டர் எஞ்சின். 1940களின் இறுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை சுமார் 40,000 எஞ்சின்கள் தயாராகின. இதற்கென்றே உதிரிபாகம் விற்பவர்கள் வட அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். பெரும்பாலான படகுகளில் இது வெளித்தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்விக்கப்படுகிறது. கடலில் ஓடியவற்றின் உட்புறத்தை உப்பு அரித்திருக்கும். உங்கள் படகு ஒன்டாரியோ ஏரியின் நன்னீரிலேயே வாழ்ந்திருந்தால், ஐம்பது வயதிலும் அதன் இரும்பு திடமாக இருக்க வாய்ப்புண்டு. கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த நல்வாய்ப்பு கிடையாது.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு முன்பக்கச் சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். அசைந்துவிட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், எவ்வளவு என்று அளந்து பாருங்கள். நான்கு சிலிண்டர்களும் 100 பிஎஸ்ஐயை ஒட்டி, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் இருந்தால், அந்த எஞ்சினைக் காப்பாற்றுவதே என் யோசனை. மாறாக, பனிக்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டு, அது உறைந்து விரிந்து, எஞ்சினின் உடல் வெடித்திருந்தால் அதோடு முடிந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்து மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தால் அவுட்போர்டு பக்கம் வரலாம்.

இனிப் பருத்தித்துறைப் படகைப் பற்றி. அந்த ஃபைபர் படகு இலேசானது. வேகம் எடுத்ததும் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும். உங்கள் படகு, சாய்ந்து கவிழாமல் காக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான கீலோடு மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ளது. அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் போகும். அதன் நீர்க்கோட்டு நீளத்துக்கு, அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்துக்கு, ஏறத்தாழ 6 நாட் (மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர்) வேகமே உச்சம். 20 குதிரைத்திறன் மாட்டினாலும் பெட்ரோல்தான் கூடுதலாகக் கரையும். உங்களுக்குத் தேவை வேகமல்ல, தள்ளுவிசை. 9.9 குதிரைத்திறன் போதும், ஆனால் ‘ஹை திரஸ்ட்’ வகையாக இருக்க வேண்டும். யமஹாவின் டி9.9 அப்படிப்பட்டது. சாதாரணச் சிறு மோட்டாரில் எஞ்சின் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும்; இதில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அதனால் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகவும் வலுவாகவும் சுழற்ற முடியும். பின்னோக்கிச் செலுத்தும்போது புகை புரொப்பெல்லருக்குள் போகாமல் விலக்கிவிடும் அமைப்பும் அதில் உண்டு. மூன்று டன் படகு துறைமேடையை நெருங்கும்போது அதை நிறுத்தித் தருவது அதுதான். மோட்டாரின் கால், அதாவது புரொப்பெல்லர் வரை கீழே நீளும் பகுதி, 25 அங்குல நீளம் இருக்கட்டும். 20 அங்குலம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்.

கால் நீளத்தை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. உள் எஞ்சினின் புரொப்பெல்லர் படகின் வயிற்றுக்கு அடியில், சுக்கானுக்கு முன்னால் இருக்கிறது. அலையில் படகு எவ்வளவு ஆடினாலும் அந்த இடம் தண்ணீரைவிட்டு வெளியே வருவது அரிது. அவுட்போர்டு தொங்குவதோ படகு அதிகமாக ஏறி இறங்கும் பின்முனையில். ஒன்டாரியோ ஏரியின் அலைகள் குட்டையானவை, செங்குத்தானவை, அடுத்தடுத்து வருபவை. கிழக்குக் காற்று நாளில் முந்நூறு கிலோமீட்டர் நீள ஏரியின் பெரும்பகுதியைக் கடந்து அவை ஸ்கார்பரோ கரைக்கு வந்து சேர்கின்றன. அணியம் (படகின் முன்பகுதி) ஒரு அலைக்குள் குனியும்போது பின்பகுதி தூக்கிக்கொள்ளும், புரொப்பெல்லர் காற்றைக் கடையும், மோட்டார் அலறும், படகு நின்றுவிடும். அடுத்த நொடி பின்பகுதி அமிழ்ந்து மோட்டாரின் தலைவரை தண்ணீர் அடிக்கும். புளஃபர்ஸ் பார்க் நுழைவாயிலில் மணல் சேர்ந்து ஆழம் குறைவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில், அந்த அலையில், மோட்டாரை நம்பி உள்ளே வருவது ஆபத்து. அவுட்போர்டு மாட்டிய பிறகு கிழக்குக் காற்று பலமாக வீசும் நாளில் வெளியே போகாதீர்கள். நயாகராவுக்குப் போகலாம், காற்று ஒத்துவரும் நாளைத் தேர்ந்து, பாயை நம்பிப் போக வேண்டும். ஆற்று முகத்தில் எதிர்நீரோட்டம் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று: மோட்டார் இடப்பக்கம் மாட்டியிருந்து படகு வலப்பக்கம் சாய்ந்தால், புரொப்பெல்லர் மேலேறிவிடும். பாயையும் மோட்டாரையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது எந்தப் பக்கம் சாய்ந்து போகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றிப் பலர் பயப்படுவார்கள். சுமார் 150 கிலோ எஞ்சின் நடுவுக்கு அருகிலிருந்து போகிறது, சுமார் 50 கிலோ மோட்டார் கடைசி முனைக்கு வருகிறது. மொத்த எடை குறைவதால் மிதப்பு கெடாது. ஆனால் முனையில் தொங்கும் எடை படகின் குதிப்பை அதிகப்படுத்தும். பேட்டரிகளையும் நங்கூரச் சங்கிலியையும் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் கொஞ்சம் குறையும்.

தொழிற்சாலையில் அவுட்போர்டுக்கென்று செய்யப்படாத பின்சுவராக இருந்தால், பிராக்கெட்டை வெறும் ஃபைபர் கிளாஸில் போல்ட் போட்டு மாட்டாதீர்கள். உட்புறம் கெட்டியான கடல்தரப் பிளைவுட்டோ அலுமினியத் தகடோ கொடுத்து, போல்ட் துளைகளின் ஓரத்தை எபாக்சியால் அடைத்து மாட்டுங்கள். ஸ்பிரிங் உதவியோடு ஏறி இறங்கும் பிராக்கெட்டாக இருக்கட்டும். கியரையும் வேகத்தையும் காக்பிட்டிலிருந்தே (சுக்கான் பிடித்து உட்காரும் இடம்) இயக்கும் ரிமோட் கட்டாயம் வேண்டும். துறைமேடைக்கு வரும் நேரத்தில், முழங்கையைப் பின்கம்பிக்கு மேல் தொங்கவிட்டு, கீழே எட்டாத கியர்க் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருப்பவரால் சுக்கானையும் கவனிக்க முடியாது.

உள் எஞ்சினையும் அதன் புரொப்பெல்லரையும் இணைத்த பழைய தண்டையும், அந்தப் புரொப்பெல்லரையும் கழற்றிவிடுங்கள். மெல்லிய காற்றில் பாயோட்டம் துலக்கமாகக் கூடும். இந்த மாற்றத்தின் உண்மையான பரிசு அது. தண்டு இருந்த துளையையும், குளிர்நீர், புகைக்குழாய்த் துளைகளையும் அடைப்பதில் அவசரம் வேண்டாம். துளையின் ஓரத்தை, ஃபைபர் கிளாஸ் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, உள்ளேயும் வெளியேயும் எபாக்சியோடு அடுக்கடுக்காகப் பூச வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான எபாக்சி சரியாக இறுகாது. டொரோண்டோவில் ஏப்ரலில் இதைச் செய்ய நினைக்காதீர்கள். படகைச் செப்டம்பரிலேயே கரையேற்றி முடித்துவிடுங்கள்.

மின்சாரம் குறையும். சிறு மோட்டாரிலிருந்து 10 ஆம்பியரோ சற்றுக் கூடுதலோதான் வரும். குளிர்பெட்டி வைத்திருந்தால் சோலார் பேனல் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி, ஒரு பொறியில் வெடிக்கும். பழைய உள் டாங்கியைக் காலி செய்து வெளியே எடுத்துவிடுங்கள். புதிய மோட்டாரின் டாங்கி, கேபினோடு தொடர்பில்லாத, ஆவி வெளியே போக வழியுள்ள இடத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் தூங்கும் கேபினுக்குள் ஒரு லிட்டர் கேன்கூட வேண்டாம். வேலை முடிந்ததும், வசந்தத்தில் தண்ணீரில் இறக்கும் முன், எஞ்சின் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து அவர்களின் பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.